கோழிகளின் சளியும் மூச்சுத்திணறலும்: மருந்து வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

புறக்கடையில் பத்துப் பதினைந்து கோழிகள் வளர்ப்பவரின் காதில் ஒரு நாள் காலையில் இரண்டு கோழிகள் தும்முவது விழுந்தால், அடுத்து எழும் கேள்வி பெரும்பாலும் "இதற்கு என்ன மருந்து?" என்பதாகவே இருக்கிறது. கேள்வி இயல்பானதுதான். ஆனால் அந்த நிலையில் அதற்கு நேர்மையான விடை எவராலும் சொல்ல முடியாது. தும்மல், மூக்கொழுகல், தொண்டையில் கொறகொறப்பு, வாயைத் திறந்து மூச்சுவிடுதல் ஆகியவை நோயின் பெயர்கள் அல்ல. வைரஸ், பாக்டீரியா, பூஞ்சை, புழு, தூசி, எச்சத்திலிருந்து எழும் வாயு, சத்துக்குறைவு என ஒன்றோடொன்று தொடர்பில்லாத காரணங்களால் வரக்கூடிய பொதுவான அறிகுறிகள். இவற்றில் ஒன்றைக் குணமாக்கும் மருந்து மற்றொன்றைத் தொடவே தொடாது.

காரணத்தைக் கண்டுபிடிக்க, கோழி எழுப்பும் ஒலியைவிட நோய் பரவும் வேகமும், எந்த வயதுக் கோழிகளை அது பிடிக்கிறது என்பதும், மூச்சோடு சேர்ந்து வேறு எது கெடுகிறது என்பதும் அதிகம் உதவுகின்றன. அதைப் புரிந்துகொள்ளக் கோழியின் மூச்சு அமைப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

கோழி எப்படி மூச்சுவிடுகிறது

கோழிக்கு உதரவிதானம் கிடையாது. அதன் நுரையீரல்கள் முதுகுப்புற விலா எலும்புகளோடு ஒட்டியவாறு, பெரிதாக விரியாமலும் சுருங்காமலும் இருக்கின்றன. காற்றை உள்ளிழுத்து வெளியேற்றும் வேலையைச் செய்பவை காற்றுப் பைகள். கழுத்தடியிலிருந்து அடிவயிறு வரை பரவியிருக்கும் எட்டு ஒன்பது மெல்லிய பைகள் கொல்லனின் துருத்தி போல விரிந்து சுருங்க, காற்று நுரையீரலின் ஊடே ஒரே திசையில் ஓடுகிறது. இந்த அமைப்பிலிருந்து நான்கு விளைவுகள் பிறக்கின்றன.

1. உள்ளிழுத்த தூசியும் பூஞ்சை வித்துகளும் கிருமிகளும் மூக்கோடும் தொண்டையோடும் நிற்பதில்லை. அடிவயிற்றுப் பைகள் வரை போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

2. காற்றுப் பைகளின் சவ்வில் இரத்தக் குழாய்கள் மிகக் குறைவு. ஆகவே இரத்தத்தின் வழியாகச் செல்லும் மருந்து அங்கே போதுமான அளவில் எட்டுவதில்லை. பறவைகளின் சீழ் நீர்த்து வடிவதும் இல்லை; மஞ்சள் நிறக் கட்டியாக இறுகி அங்கேயே தங்கிவிடுகிறது. நாள்பட்ட சளி மருந்துக்கு மசியாமல் திரும்பத் திரும்ப வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

3. கண்ணுக்குக் கீழே உள்ள எலும்பறையின் வெளிச்சுவர் எலும்பால் ஆனதல்ல, வெறும் தோலும் தசையுமே. உள்ளே சளி தேங்கினால் முகம் அந்த இடத்தில் புடைத்துக்கொள்ளும். கண் வீங்கிவிட்டதாக நாம் நினைப்பது பல நேரங்களில் இந்த அறையின் வீக்கமே.

4. மார்பெலும்பு மேலும் கீழும் அசைந்தால்தான் கோழியால் மூச்சுவிட முடியும். மூச்சுத்திணறும் கோழியைச் சோதிப்பதற்காக மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்தால், சில நொடிகளில் அது கையிலேயே செத்துவிடலாம். இறக்கைகளை மட்டும் அணைத்து, மார்பைத் தளர்வாக விட்டுப் பிடிப்பதே முறை.

நோய் இல்லாமலும் மூச்சு மாறும்

கோழியின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். அதற்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லாததால், வெப்பத்தை வெளியேற்ற வாயைத் திறந்து வேகமாக மூச்சிரைக்கிறது. இறக்கைகளை உடலிலிருந்து சற்று விலக்கி வைத்துக்கொள்கிறது. மூக்கிலோ கண்ணிலோ ஒழுகல் இல்லாமல், நிழலும் நீரும் கிடைத்ததும் இது அடங்கிவிட்டால் நோய் என்று கருத வேண்டியதில்லை. புழுதியில் குளித்த பிறகும், பொடித் தீவனம் தின்னும்போதும் ஓரிரு தும்மல்கள் வருவதும் அப்படியே.

அம்மோனியா வேறு கதை. எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தை, ஈரம் கிடைத்தவுடன் பாக்டீரியாக்கள் சிதைத்து அம்மோனியா வாயுவாக மாற்றுகின்றன. மூச்சுக்குழலின் உட்சுவரில் நுண்மயிர்கள் இடைவிடாமல் அசைந்து, தூசியையும் கிருமிகளையும் சளியோடு சேர்த்து மேலே தள்ளிக்கொண்டிருக்கின்றன. அம்மோனியா இந்த நுண்மயிர்களை முடக்கிவிடுகிறது. காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு, அதாவது 25 பிபிஎம் அளவைத் தாண்டக்கூடாது என்பது கோழிவளர்ப்பில் பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. அதற்குக் குறைந்த அளவிலும் நாள்கணக்கில் சுவாசித்தால் பாதிப்பு உண்டு. நுண்மயிர்கள் முடங்கிய மூச்சுக்குழலில், சாதாரண நாளில் ஒன்றும் செய்யாத ஈ.கோலை பாக்டீரியாகூட உள்ளிறங்கிக் காற்றுப் பைகளைச் சீழாக்கிவிடும்.

வளர்ப்பவரின் மூக்கை இதில் நம்ப முடியாது. தினமும் கூண்டுக்குள் போய்வருபவருக்கு அந்த நெடி பழகிவிடுகிறது. நின்றுகொண்டு முகர்பவரின் மூக்குக்கும் கோழியின் மூக்குக்கும் உயர வேறுபாடும் இருக்கிறது. விடியற்காலையில் கூண்டைத் திறந்தவுடன், குந்தி உட்கார்ந்து, கோழியின் உயரத்தில் மூச்சை இழுத்துப் பார்க்க வேண்டும். கண் லேசாக எரிந்தாலே வாயு அளவுக்கு மீறியிருக்கிறது என்று பொருள். தரையிலுள்ள கூளத்தை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து விரித்தால் அது உதிர வேண்டும். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். இந்த இரண்டு சோதனைகளுக்கும் காசு செலவில்லை, ஆனாலும் மருந்துக் கடைக்குப் போகுமுன் இவற்றைச் செய்பவர்கள் குறைவு.

பரவும் விதத்தை வைத்துக் காரணத்தைக் குறுக்குதல்

கீழே உள்ள பிரிவுகள் ஆய்வகச் சோதனைக்கு மாற்று அல்ல. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கிருமிகள் சேர்ந்து தாக்குவது கோழிகளில் சாதாரணம் என்பதால், எல்லைகள் அடிக்கடி கலந்துவிடும். இருந்தாலும் முதல் முடிவுகளை எடுக்க இவை போதும்.

1. ஓரிரு நாளில் மந்தை முழுவதும் தும்மினால். முதலில் நினைக்க வேண்டியது தொற்று மூச்சுக்குழல் அழற்சி. இதை உண்டாக்குவது கோழிகளுக்கே உரிய ஒரு கொரோனா வைரஸ். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. கிருமி உள்ளே போய் 18 முதல் 36 மணி நேரத்துக்குள் அறிகுறி தெரிந்துவிடும். வளர்ந்த கோழிகள் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தேறிவிடுகின்றன, ஆனால் முட்டையில் தடம் விட்டுச் செல்கின்றன: ஓடு மெலிந்து சுருக்கம் விழுகிறது, உடைத்து ஊற்றினால் வெள்ளைக்கரு நீராக ஓடுகிறது. பிறந்த ஓரிரு வாரத்தில் இந்நோய்க்கு ஆளான பெட்டைக் குஞ்சுகளில் சில, கருக்குழாய் சிதைந்துவிட்டதால், வளர்ந்து கொண்டை சிவந்து முட்டையிடும் தோரணைகளையெல்லாம் காட்டியும் வாழ்நாள் முழுவதும் ஒரு முட்டைகூட இடுவதில்லை. சில வகைகள் சிறுநீரகத்தையும் தாக்கும்.

2. சில நாள்களில் முகம் வீங்கி நாற்றம் அடித்தால். இது கொரைசா எனப்படும் தொற்றுச் சளி; ஏவிபாக்டீரியம் பாராகேலினாரம் என்ற பாக்டீரியாவால் வருவது. ஒன்று முதல் மூன்று நாளில் அறிகுறி காட்டும். மூக்கைச் சுற்றிக் காய்ந்த சளியில் தீவனப் பொடி ஒட்டிக்கொண்டு கெட்டிப்பட்டிருக்கும், கண்ணிமைகள் ஒட்டிக்கொள்ளும், அழுகிய வாடை வரும். சேவல்களில் தாடியும் வீங்கலாம்.

3. வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனால். இரவில் கொறகொறப்பு, கண்ணோரத்தில் சோப்பு நுரை போன்ற குமிழ்கள், மெல்ல மெல்ல எடை குறைதல், முட்டை குறைதல் ஆகியவை மைக்கோபிளாஸ்மா கேலிசெப்டிகம் என்ற பாக்டீரியா உண்டாக்கும் நாள்பட்ட சுவாச நோயைச் சுட்டுகின்றன. சிறு மந்தைகளில் காணப்படும் தீராத சளிக்குப் பின்னால் இது பல நேரங்களில் ஒளிந்திருக்கிறது. தாயிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும் என்பதால், வெளிக் கோழி எதுவும் வராத மந்தையிலும் வாங்கிய குஞ்சுகளோடு நுழைந்திருக்கலாம்.

4. கழுத்தை நீட்டி, அலகைப் பிளந்து, இருமலோடு இரத்தம் தெறித்தால். சுவரிலும் பக்கத்துக் கோழியின் இறகிலும் இரத்தம் கலந்த சளித் துளிகள் இருந்தால், தொற்றுக் குரல்வளை அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும். இது ஒரு ஹெர்பீஸ் வைரஸ். தொற்றி 6 முதல் 12 நாள்கள் கழித்தே வெளிப்படும். மூச்சுக்குழலில் இரத்தக்கட்டி அடைத்துக்கொள்வதால் கோழிகள் மூச்சடைத்தே சாகின்றன.

5. மூச்சோடு நரம்பும் வயிறும் கெட்டால். பச்சை அல்லது வெள்ளை நிறக் கழிச்சல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், கால் இறக்கை செயலிழத்தல் ஆகியவை சேர்ந்து வந்தால் ராணிக்கெட், அதாவது வெள்ளைக்கழிச்சல் நோய். தடுப்பூசி போடாத மந்தையில் இதன் கடும் வகை ஏறக்குறைய எல்லாக் கோழிகளையும் கொன்றுவிடக்கூடியது.

6. ஒன்றிரண்டு கோழிக்கு மட்டும் வந்து, பக்கத்திலிருப்பவற்றுக்குப் பரவாமல் இருந்தால். தொற்று அல்லாத, அல்லது மெதுவாகப் பரவும் காரணங்களைத் தேட வேண்டும். வாயைத் திறந்து பார்த்தால் பாதி விடை அங்கேயே கிடைக்கும். மஞ்சள் படலம் ஒட்டியிருந்து, உரித்தால் இரத்தம் கசிந்தால் அது அம்மை நோயின் உள்வகை. அண்ணத்திலும் தொண்டையிலும் சின்னச் சின்ன வெண்கொப்புளங்கள் இருந்தால் வைட்டமின் ஏ குறைவாக இருக்கலாம். இளங்கோழி அடிக்கடி கொட்டாவி விடுவதுபோல் வாயைப் பிளந்து தலையை உதறினால், மூச்சுக்குழல் புழுவை நினைக்க வேண்டும். ஆணும் பெண்ணும் நிரந்தரமாக இணைந்தே வாழ்வதால் ஆங்கில 'ஒய்' எழுத்து வடிவில் தெரியும் இந்தச் சிவப்புப் புழுவின் இளம்பருவங்கள், மண்புழுவையும் நத்தையையும் தின்னும் கோழிகளுக்குள் போய்ச் சேருகின்றன. குஞ்சுகள் சத்தமே இல்லாமல் வாயைத் திறந்து திணறினால் அது பூஞ்சணம் பிடித்த கூளத்திலிருந்தோ தீவனத்திலிருந்தோ வந்த ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையாக இருக்கலாம். கொறகொறப்பு இல்லாத திணறல் என்பதே இதன் அடையாளம். இது கோழியிலிருந்து கோழிக்குத் தொற்றாது; ஆனால் எல்லாக் குஞ்சுகளும் அதே கூளத்தில் இருந்தால் எல்லாவற்றுக்கும் வரலாம்.

தனியாகச் சமாளிக்கக் கூடாத நிலை

அறிகுறி எதையும் காட்டாமல் சில கோழிகள் திடீரெனச் செத்து விழுதல், தலையும் தாடியும் வீங்குதல், கொண்டை நீலம் பாரித்தல், கால் செதில்களுக்கிடையே இரத்தக் கசிவு, ஓடில்லாத முட்டைகள், மந்தை முழுவதும் சத்தமின்றி ஒடுங்கிக் கிடத்தல் ஆகியவை பறவைக் காய்ச்சலின் கடும் வகையில் காணப்படுபவை. கடும் ராணிக்கெட்டும் இதேபோல் தோன்றும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க இயலாது. இரண்டுமே அரசுக் கால்நடைத் துறைக்கு அறிவித்தே ஆக வேண்டிய நோய்களின் பட்டியலில் பெரும்பாலான நாடுகளில் உள்ளன.

1997-இல் ஹாங்காங்கில் பறவைக் காய்ச்சலின் எச்5என்1 வகை கோழிகளிடமிருந்து மனிதர்களுக்குத் தாவியபோது 18 பேர் நோயுற்று 6 பேர் இறந்தனர். அதன் பிறகே இந்த நோய் வெறும் கோழி நோய் அல்ல என்பது உலகுக்கு உறைத்தது. ராணிக்கெட் மனிதரைப் பெரும்பாலும் கண் சிவத்தலோடு விட்டுவிடும். மைக்கோபிளாஸ்மா கேலிசெப்டிகம், கொரைசா, கோழிகளின் கொரோனா வைரஸ், குரல்வளை அழற்சி ஆகியவை மனிதரைத் தாக்குவதில்லை.

எனவே மேற்சொன்ன அறிகுறிகள் தென்பட்டால் செத்த கோழியை அறுத்துப் பார்ப்பதோ, இறகு பறிப்பதோ, சமைப்பதோ, மிச்சக் கோழிகளை அவசரமாக விற்றுவிடுவதோ கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் ஓர் ஊரின் நோயைப் பல ஊர்களின் நோயாக்குகிறது. கையுறையும் முகக்கவசமும் அணிந்துகொண்டு, வெளியாள் யாரையும் உள்ளே அனுமதிக்காமல், கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லிவிட்டு அவருடைய அறிவுரைக்குக் காத்திருக்க வேண்டும்.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

அப்படிப்பட்ட அபாயக் குறிகள் இல்லாமல் சாதாரணச் சளியாகவே தோன்றினால், வரிசையாகச் செய்யத்தக்கவை இவை.

1. கோழிகளின் நடமாட்டத்தை நிறுத்த வேண்டும். புதியது உள்ளே வரக் கூடாது, இருப்பது வெளியே போகக் கூடாது. முட்டையை அடைகாக்க யாருக்கும் கொடுக்கவும் கூடாது.

2. நோயுற்றவற்றைத் தனியே பிரித்து, காற்றோட்டமுள்ள ஆனால் நேரடிக் காற்று அடிக்காத இடத்தில் வைக்க வேண்டும். தனித் தண்ணீர்க் கிண்ணம், தனித் தீவனத் தட்டு, அங்கே போவதற்குத் தனிச் செருப்பு. தினசரி வேலையில் நலமானவற்றை முதலிலும் நோயுற்றவற்றை இறுதியிலும் கவனிக்க வேண்டும். தும்மல் தொடங்குமுன்பே கிருமி பரவியிருக்கும் என்பதால் பிரிப்பது நோயை முற்றிலும் நிறுத்திவிடாது. ஆனால் கிருமியின் அளவைக் குறைக்கும்; வலுவான கோழிகளிடம் மிதிபடாமல் நோயாளி இரை எடுக்கவும் வழி செய்யும்.

3. கோழிகள் அடைந்து ஒரு மணி நேரம் கழித்து, விளக்கில்லாமல் கூண்டருகே நின்று காது கொடுக்க வேண்டும். பகலில் கொக்கரிப்பிலும் கிளறலிலும் அமுங்கிப்போகும் ஈரக் கொறகொறப்பு இரவின் அமைதியில் தெளிவாகக் கேட்கும். எத்தனை கோழிகளிடமிருந்து வருகிறது என்பதைத் தினமும் குறித்துவந்தால், நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

4. மூக்குத் துளைகளையும் கண்களையும் வெதுவெதுப்பான உப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும். மூக்கடைத்த கோழி சரியாகத் தின்னாது. கண் ஒட்டிய கோழிக்குத் தீவனம் தெரியவே தெரியாது. நோயைவிடப் பட்டினியால் சாகும் கோழிகள் பல.

5. தண்ணீர் குடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். வளர்ந்த கோழி நாளொன்றுக்குச் சுமார் கால் லிட்டர் நீர் குடிக்கும், வெயிலில் அதைவிடக் கூடுதலாகவும். குடிக்காத கோழிக்கு அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடலாம். வாயைப் பிளந்து ஊற்றவே கூடாது: நாக்கின் பின்முனையை ஒட்டி ஒரு சிறு பிளவு ஒவ்வொரு மூச்சுக்கும் திறந்து மூடுவதைப் பார்க்கலாம், அதுதான் மூச்சுக்குழலின் வாய். அது திறந்திருக்கும் நொடியில் ஊற்றிய எண்ணெயோ கஷாயமோ நேரே நுரையீரலுக்குப் போகிறது.

கைமருந்துகளைப் பற்றி இங்கேயே ஒரு சொல். சமையலறைப் பொருள்களைத் தீவனத்தில் சிறிது கலப்பதால் பொதுவாகக் கெடுதல் வருவதில்லை, ஆனால் மேலே சொன்ன தொற்றுகளை அவை குணமாக்குவதும் இல்லை. வைரஸ் நோயில் பத்தாம் நாள் தானே தேறிய கோழியின் பெருமை, ஒன்பதாம் நாள் கொடுத்த பொருளுக்குப் போய்ச் சேருகிறது. கூண்டுக்குள் புகை போடுவது மட்டும் உறுதியாகக் கெடுதல். ஏற்கெனவே புண்ணான மூச்சுக்குழலுக்கு அது இன்னொரு அடி.

ஆன்டிபயாடிக்: எதற்கு, எதற்கு அல்ல

ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும் அல்லது அடக்கும். வைரஸையும் பூஞ்சையையும் புழுவையும் ஒன்றும் செய்யாது. பாக்டீரியா நோயிலும் எல்லா மருந்தும் எல்லாவற்றுக்கும் ஆகாது. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே இல்லை. செல்சுவரைத் தாக்கியே வேலை செய்யும் பெனிசிலின், அமாக்ஸிசிலின் வகைகள் அதன்முன் பயனற்றவை. டைலோசின், டெட்ராசைக்ளின் வகைகள் அதை அடக்குகின்றன, ஆனால் உடலிலிருந்து முற்றிலும் ஒழிப்பதில்லை. கொரைசாவுக்கும் இதே நிலைதான். அறிகுறி மறையும், கிருமி தங்கும்.

தண்ணீரில் மருந்து கலக்கும் பழக்கத்தில் ஒரு முரண் இருக்கிறது. நோயில் சோர்ந்த கோழி குறைவாகவே குடிக்கும், நலமாக இருக்கும் கோழி நிறையக் குடிக்கும். ஆகவே மருந்து தேவைப்பட்டதற்குக் குறைவாகவும் தேவையில்லாததற்கு அதிகமாகவும் போகிறது. குறைந்த அளவு மருந்தில் பிழைத்த பாக்டீரியாதான் அடுத்த முறை அந்த மருந்தை எதிர்த்து நிற்கிறது. மூன்றாம் நாள் தும்மல் நின்றதும் மருந்தை நிறுத்திவிடுவதும் இதே விளைவையே தருகிறது.

இது கோழியோடு முடியும் சிக்கல் அல்ல. என்ரோஃப்ளாக்சசின் மருந்தைக் கோழிகளுக்குக் கொடுப்பதற்கான அனுமதியை அமெரிக்கா 2005-இல் விலக்கிக்கொண்டது. மனிதருக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கேம்பிலோபாக்டர் கிருமி அம்மருந்து வகைக்கு எதிர்ப்புப் பெற்றதே காரணம். மனித மருத்துவத்தில் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டினை உணவுக்கான விலங்குகளில் பயன்படுத்த இந்தியா 2019-இல் தடை விதித்தது. மருந்து கொடுத்த காலத்திலும், அதன் உறையில் குறிப்பிட்ட விலக்கு நாள்கள் முடியும் வரையிலும் முட்டையையும் இறைச்சியையும் உண்ணக் கூடாது. முட்டையிடும் கோழிக்கே கொடுக்கக் கூடாத மருந்துகளும் உண்டு என்பதால், இந்த முடிவைக் கடைக்காரரிடம் விடாமல் கால்நடை மருத்துவரிடம் விடுவதே பொருத்தம்.

சோதனை எப்போது, எப்படி

பத்துக் கோழிக்கு ஆய்வகச் சோதனை மிகை என்று தோன்றலாம். ஒரு கோழி செத்துவிட்டாலோ, இரண்டாவது முறை சளி திரும்பினாலோ அது மிகை அல்ல. செத்த கோழியை உடனே குளிர வைத்து, உறையவிடாமல், முடிந்தால் ஒரு நாளுக்குள் கால்நடை நோய் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். உறைந்தால் திசுக்கள் சிதைந்து பாதி விவரம் போய்விடும். உயிருள்ள கோழியின் அண்ணப் பிளவிலிருந்தும் மூச்சுக்குழலிலிருந்தும் பஞ்சுக்குச்சியால் எடுத்த சளியைப் பிசிஆர் முறையில் சோதித்தால் தற்போது என்ன கிருமி இருக்கிறது என்று தெரியும். இரத்தச் சோதனை எதிர்ப்புப் புரதத்தையே காட்டும். அது பழைய தொற்றாலோ தடுப்பூசியாலோ வந்திருக்கலாம். தொற்று புதிதாக இருந்தால் இன்னும் உருவாகாமலும் இருக்கலாம்.

தேறிய கோழி, தீராத கிருமி

வளர்ப்பவர்கள் பெரும்பாலும் கேள்விப்படாத பகுதி இது. எனது மதிப்பீட்டில் மருந்தைவிட முக்கியமானதும் இதுவே.

மைக்கோபிளாஸ்மா பிடித்த கோழி தேறிய பிறகும் வாழ்நாள் முழுவதும் அக்கிருமியைச் சுமக்கக்கூடியது. கொரைசாவிலிருந்து தேறியவையும் சுமப்பவையே. குரல்வளை அழற்சி வைரஸ் முகத்துக்குச் செல்லும் நரம்பு ஒன்றின் முடிச்சுக்குள் போய் உறங்கி, கோழி முட்டையிடத் தொடங்கும்போதோ, இடம் மாற்றும்போதோ, வேறு அழுத்தம் வரும்போதோ மீண்டும் எழுந்து வெளியேறுகிறது. பார்வைக்குக் குறையற்ற ஒரு சேவல் புதிய மந்தைக்குப் போன சில நாள்களில் அங்குள்ளவை தும்முவதற்கும், அந்தச் சேவல் மட்டும் நலமாக நிற்பதற்கும் விளக்கம் இதுதான்.

ஆகவே இந்நோய்களில் ஒன்று உறுதியானால் வளர்ப்பவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன.

1. மூடிய மந்தையாக வைத்திருத்தல். இருக்கும் கோழிகளை அவற்றின் ஆயுள் வரை வைத்துக்கொண்டு, புதியது சேர்க்காமல், கோழியோ அடைமுட்டையோ யாருக்கும் கொடுக்காமல் இருப்பது. முட்டைக்காகவும் பாசத்துக்காகவும் வளர்ப்பவருக்கு இது முழுக்கச் சரியான வழி. குளிர், மழை, இறகுதிர்ப்பு, கூண்டு மாற்றம் போன்ற நேரங்களில் சளி திரும்பும் என்பதை மட்டும் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

2. மந்தையை முற்றிலும் நீக்கிப் புதிதாகத் தொடங்குதல். குஞ்சு விற்பவருக்கும் இனப்பெருக்கம் செய்பவருக்கும் வேறு நேர்மையான வழி இல்லை. இதில் ஒரு சாதகமும் உண்டு: கொரைசா பாக்டீரியாவும் மைக்கோபிளாஸ்மாவும் கோழியின் உடலுக்கு வெளியே சில நாள்களுக்கு மேல் பிழைப்பது அரிது. கூண்டைச் சுரண்டிக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, நன்கு உலர்த்தி, சில வாரம் காலியாக விட்டால் போதும். அழுக்கின்மேல் தெளித்த கிருமிநாசினி வேலை செய்யாது என்பதால் முதலில் சோப்பு நீரால் கழுவ வேண்டும். மூச்சுநோய் உண்டாக்கும் வைரஸ்களில் மேலே பேசிய நான்கும், அதாவது கொரோனா, ஹெர்பீஸ், ராணிக்கெட், பறவைக் காய்ச்சல் வைரஸ்கள், கொழுப்பாலான மேலுறை கொண்டவை. சோப்பே அவற்றைக் கணிசமாகச் சிதைத்துவிடும். எச்சம் அப்பியிருக்கும் தரையில் பிளீச்சிங் கரைசலை ஊற்றினால், அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சை அடைக்கும் குளோரமின் வாயு கிளம்பும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

3. சளி பிடித்ததை மட்டும் கழித்துவிட்டு மற்றவற்றை வைத்திருத்தல். பலர் செய்வது இது. மெதுவாகப் பரவும் நோயிலும் ஒரு கோழிக்கு அறிகுறி தெரியும்போது மற்றவற்றில் பல ஏற்கெனவே கிருமி சுமப்பவை என்பதால், இது கோழியை இழப்பதற்கு வழியே தவிர நோயை ஒழிப்பதற்கு வழியல்ல.

தடுப்பூசியின் எல்லை

ராணிக்கெட்டுக்கு எதிரான தடுப்பூசி சிறு மந்தைக்கும் கட்டாயம் வேண்டும். அதை மீறி வாதிட ஒன்றுமில்லை. மற்றவற்றுக்குத் தேவை இடத்துக்கு இடம் மாறும். நோய் வந்த பிறகு போடுவது மருந்தாகாது. உயிருள்ள வைரஸ் கொண்ட தடுப்பூசி போட்ட சில நாள்களில் லேசான தும்மல் வருவது இயல்பு, ஒரு வாரத்தில் அடங்கிவிடும். மைக்கோபிளாஸ்மா ஏற்கெனவே இருக்கும் மந்தையில் அதே தும்மல் முழு நோயாக முற்றுவதுண்டு. தடுப்பூசியால் கோழி செத்தது என்ற பேச்சுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தப் பழைய தொற்று இருக்கிறது.

சில கோழிகளே இருந்தால் கண்ணில் ஒரு சொட்டு விடும் முறையே நம்பகமானது. குடிநீரில் கலப்பதானால் குளோரின் கலந்த நீர் தடுப்பூசி வைரஸைக் கொன்றுவிடும் என்பதால், குளோரின் இல்லாத நீரை எடுத்து, லிட்டருக்குச் சுமார் 2 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பொடி கரைத்து, அதன் பிறகே தடுப்பூசியைச் சேர்க்க வேண்டும். வாங்கிய இடத்திலிருந்து கூண்டு வரை 2 முதல் 8 டிகிரி குளிரில் வந்திராத தடுப்பூசி வெறும் தண்ணீருக்குச் சமம்.

புதிய கோழி நுழையும் வாசல்

சிறு மந்தைக்குள் மூச்சுநோய் காற்றில் பறந்து வருவது குறைவு. விலைக்கு வாங்கிய, பரிசாகக் கிடைத்த, கண்காட்சிக்குப் போய்த் திரும்பிய ஒரு கோழியின் மூக்கில் ஏறியே அது பெரும்பாலும் வருகிறது. புதியவற்றைப் பழைய மந்தையிலிருந்து முடிந்த அளவு தள்ளி, தனிப் பாத்திரங்களோடு நான்கு வாரம் வைத்திருப்பது வழக்கமான அறிவுரை. குரல்வளை அழற்சி 12 நாள் வரையும், மைக்கோபிளாஸ்மா மூன்று வாரம் வரையும் வெளிப்படாமல் இருக்கக்கூடும் என்பதால் அந்தக் கால அளவு.

ஆனால் நலமாகத் தோன்றியபடியே கிருமி சுமக்கும் கோழியை இந்த நான்கு வாரக் காத்திருப்பு காட்டிக்கொடுக்காது. அதற்கு மந்தைக் கோழி ஒன்றையே பயன்படுத்தலாம்: முதல் இரண்டு வாரம் புதியவற்றில் எந்தக் குறையும் தென்படாவிட்டால், பழைய மந்தையிலிருந்து இழக்கச் சம்மதமுள்ள ஒரு கோழியை எடுத்து, மிச்ச நாள்களுக்குப் புதியவற்றோடு விட வேண்டும். அந்தக் கோழி தும்மத் தொடங்கினால் புதியவை எதையோ கொண்டுவந்திருக்கின்றன. அப்போது அந்தக் கோழியும் பழைய மந்தைக்குத் திரும்பக் கூடாது. அது நலமாகவே இருந்தால், புதியவற்றை ஒரேயடியாகத் திறந்துவிடாமல், இடையில் வலைத் தடுப்பு வைத்துச் சில நாள் பழக்கிச் சேர்க்கலாம். சேர்த்த பிறகும் இரண்டு வாரத்துக்கு இரவில் காது கொடுத்துக் கேட்பதை நிறுத்தக் கூடாது.